"எங்களுக்கெல்லாம் சரிவராது சேர்"



கொஞ்சம் நீண்ட பதிவு. கஹவத்தைப் பக்கம் படிப்பிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோசம்.

படிவம் நிரப்பும் நாட்களில் வகுப்பில் ஒரு விடயத்தை வருடா வருடம் காண்கிறோம். முகவரி எழுதும் இடம் வந்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரின் பேனை நின்றுவிடும். தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, டவுனில் இருக்கும் மாமாவின் கடை முகவரியை எழுதுவார்கள். கேட்டால், "லயத்துக்குக் கடிதம் வந்து சேராது சேர்" என்பார்கள். அது உண்மைதான். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டத்து ஒபிசில் தங்கிப்போன கதைகள் நிறைய உண்டு. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. அதே பிள்ளை விடை தெரிந்தும் கை உயர்த்தாது. உயர்தரம் என்றால், "எங்களுக்கெல்லாம் அது சரிவராது சேர்" என்று சொல்லும். பரீட்சை நெருங்கும்போது மாணிக்கக் குழிக்கோ கொழும்புக் கடைக்கோ போய்விடும்.

ஆசிரியர் அறையில் இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "அக்கறையில்லை" என்பது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வராது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று சட்டம் சொன்னது 1907இல். 6 முதல் 10 வயது வரை, தாய்மொழியில், தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில். அதாவது 10 வயதுக்கு மேல் இவர்களுக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது ஒரு கொட்டிலும் ஒரே ஒரு ஆசிரியரும்தான். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. எங்கள் வாப்பாமார் அதனால் படித்தார்கள், நாங்கள் ஆசிரியரானோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. ஒரே மலையின் இரண்டு பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் வித்தியாசம் விழுந்தது அப்படித்தான்.

இந்த மக்கள் தங்களைத் தாழ்வாக நினைத்துக்கொண்டே வந்தவர்கள் அல்லர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் தெரிவானவர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தவர், ஆசிரியர், கவிஞர். அடுத்த வருடமே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள், வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இடையில் 55 வருடங்கள்!

1977, 1981, 1983 வன்செயல்களில் எங்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் தப்பவில்லை. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கி வைத்ததாக அந்த நாட்களைக் கண்ட பாட்டிமார் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று அது உயிர் காத்த புத்தி. இன்று பேரப்பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறோம்.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 642 பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரிபாதி உயர்சாதி, சரிபாதி தாழ்த்தப்பட்ட சாதி. சாதியைச் சொல்லாதபோது இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு செய்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்த குழுக்களில், தாழ்த்தப்பட்ட பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பையன்களின் மூளையில் குறை இல்லை. வாசிக்கப்பட்ட அந்த ஒரு சொல்தான் கையைக் கட்டியது.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு சொல் உண்டு: "தோட்டக்காட்டான்". அதைச் சொன்னவர்கள் சிங்களவர் மட்டுமா? இல்லை. கடை முதலாளிமாராகவும் அயலவராகவும் ஆசிரியராகவும் எங்கள் ஆட்களும் சொல்லியிருக்கிறோம். சிரித்துக்கொண்டு சொன்னோம் என்பது சமாதானம் ஆகாது. 15 வயதுப் பிள்ளை நாங்கள் சிரித்ததை மறந்துவிடும், சொல்லை வைத்துக்கொள்ளும். பிறகு தன்னைப் பற்றித் தானே அதைச் சொல்லிக்கொள்ளும். "சரிவராது சேர்" என்பது அதுதான்.

அதனால் எங்களுக்குள் சில விடயங்களைத் தீர்மானித்திருக்கிறோம். "தோட்டத்துப் பிள்ளைகள் எழும்புங்கள்" என்று வகுப்பைப் பிரித்துக் கூப்பிடுவதில்லை. உதவிப் பொருட்கள் கொடுக்கும்போதும் அப்படித்தான். வரலாற்றுப் பாடத்தில் 1948ஐ ஒரு வரியில் தாண்டிப் போவதில்லை, 1947ஐயும் சேர்த்துச் சொல்கிறோம். தங்கள் ஆட்களிடமிருந்து உரிமை பறிக்கப்பட்டது, அவர்கள் தகுதி இல்லாதவர்களாக இருக்கவில்லை என்று தெரிந்ததும் சில முகங்கள் நிமிர்வதை நேரில் கண்டிருக்கிறோம்.

படிவம் நிரப்பும்போது பக்கத்தில் நின்று, "தோட்டத்தின் பெயரையும் எழுதுங்க மகன், கடிதம் வந்து சேர வேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறோம். சிலர் எழுதுகிறார்கள். சிலர் இன்னும் மாமாவின் கடையைத்தான் எழுதுகிறார்கள். கோபிப்பதில்லை. 55 வருடம் செய்த வேலையை ஒரு தவணையில் மாற்ற முடியாது.

நீங்கள் படிப்பிக்கும் இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தச் சொல்லை வீட்டில் யாராவது சொன்னால், பிள்ளைகளுக்கு முன்னாலேயே தடுத்துவிடுங்கள்.