பி.கே. ரோசி: கல் எதற்காக விழுந்தது?

மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி ஒரு தலித் பெண். புலையர் சமூகத்தில் பிறந்த பி.கே. ரோசி. ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று அவருடைய பிறந்தநாளுக்குப் பதிவு போடுகிறோம். "சினிமாவில் நடித்ததற்காகக் கல்லால் அடித்து விரட்டப்பட்டவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி பாதி உண்மைதான். அவர் நடித்தார் என்பது மட்டுமல்ல, யாராக நடித்தார் என்பதும் அங்கே குற்றமாக இருந்தது.

ரோசி காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்து வந்தவர். நடிப்பு அவருக்குப் புதிதல்ல. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தன் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தபோது, ரோசியைக் கதாநாயகி ஆக்கினார். படம் வெளியான ஆண்டை 1928 என்று பலரும் 1930 என்று சிலரும் எழுதுகிறார்கள். படத்தில் ரோசிக்கு நாயர் பெண் வேடம். பெயர் சரோஜினி.

கேபிடல் திரையரங்கில் நடந்ததை, ரோசியின் வரலாற்றைத் தேடி எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ரோசியோடு ஒரே அரங்கில் அமர ஊர்ப் பெரிய மனிதர்கள் மறுத்தார்கள். தான் நடித்த படத்தை அவரால் பார்க்க முடியவில்லை. நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் திரை மீது கல் பறந்தது. பிறகு அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பி நாகர்கோவிலுக்கு வந்தார்.

இந்த வன்முறைக்குத் திருவிதாங்கூரில் பழைய வேர் உண்டு. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல் அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது. அந்த நிபந்தனையை நன்றாகக் கவனியுங்கள். உடலை மூடுவதை அரசு ஒப்புக்கொள்கிறது. மேல்சாதிப் பெண்ணைப் போலத் தோன்றுவதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

1915இல் அய்யன்காளியின் இயக்கம், புலையர் பெண்கள் சாதி அடையாளமாகச் சுமந்த கல்மாலையைக் கழற்றி எறியச் சொன்னது. ஆதிக்கச் சாதியினர் பெரிநாட்டில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஆனாலும் பெண்கள் மாலையை அறுத்து எறிந்தார்கள். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1924-25இல் போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை 1936இல்தான் வந்தது.

ரோசியின் படம் வந்தது இதற்கு இடையில். ஒரு புலையர் பெண் நாயர் பெண்ணாக உடுத்தி, பூ வைத்து, பெரிய திரையில் நின்றார். 1859இன் நிபந்தனையை, அந்த ஆணை வந்து சுமார் 70 ஆண்டுகள் கழித்து ஒரு வேடத்தால் மீறினார். அதனால்தான் கல்.

இதோடு 1954ஐச் சேர்த்துப் பாருங்கள். 'நீலக்குயில்' வெளியாகிறது. கதாநாயகி நீலி ஒரு புலையர் பெண். அந்த வேடத்தில் நடித்தவர் மிஸ் குமாரி, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். படத்துக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தீண்டாமையை எதிர்த்துப் பேசிய முக்கியமான படம்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் தலித் பெண் நாயராக நடித்தபோது திரை கிழிந்தது. தலித் அல்லாதவர் தலித்தாக நடித்தபோது பாராட்டு வந்தது. மற்றவர்கள் யாராகவும் நடிக்கலாம். நமக்கு மட்டும் வேடத்திலும் சாதி பார்க்கப்பட்டது.

ரோசி இழந்தது ஒரு படத்தை மட்டுமல்ல, ஒரு தொழில் வாழ்க்கையையே. லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார். கேமரா முன் மறுபடி நிற்கவே இல்லை. அவர் நடித்த ஒரே படத்தின் பிரதியும் இன்று இல்லை. டேனியலும் எல்லாவற்றையும் இழந்தவர்தான். ஆனால் அவர் பெயரில் கேரள அரசு 1992இல் விருதை ஏற்படுத்தியது. ரோசி பெயரில் ஒரு திரைப்படக் கழகம் உருவாக 2019 வரை ஆனது. மலையாளத் திரைப்படப் பெண்கள் கூட்டமைப்பு அதைத் தொடங்கியது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அவருக்குப் புகலிடம் தந்த மாநிலத்தில் அது நடப்பது பொருத்தம்தான்.

விழாவுக்குப் போகும் தோழர்கள் ஒன்றைச் செய்யுங்கள். இன்று தலித் நடிகர்களுக்கு என்னென்ன வேடங்கள் கிடைக்கின்றன என்று எழுதி வையுங்கள். அடிபடுவதற்கும் அழுவதற்கும் மட்டும்தான் கூப்பிடுகிறார்களா? மருத்துவராக, காதலியாக, பணக்கார வீட்டுப் பெண்ணாக, சாதி சொல்லப்படாத வெறும் மனுஷியாக நடிக்க எத்தனை பேரை அழைக்கிறார்கள்? 1859இன் நிபந்தனை இன்னும் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அந்தப் பட்டியல் காட்டிவிடும்.