அட்டை எழுதிய கைகள்

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஆசிரியர்கள் பாடங்களைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து எழுதினார்கள். 2007-08இல் இம்முறை தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்கள் வரைக்கும்.

அறிவியல் அங்கே மனப்பாடத்திலிருந்து தொடங்கவில்லை. காலையில் வானத்தைப் பார்த்து, காலநிலை அட்டவணையில் குழந்தையே குறித்தது. மலையுச்சியில் மேகமா வெயிலா என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது; ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். கேள்வி கேட்கும் பெண்ணை ‘வாயாடி’ என்று அடக்கும் ஊரில், கண்டதைத் தன் கையால் எழுதும் உரிமை ஒரு சிறுமிக்குச் சிறிய விஷயமல்ல.

இந்த வரலாற்றில் அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். அட்டைகளை வகுப்பறையில் உயிர்ப்பித்த அவர்களை நாம் பெயர் சொல்லி நினைவுகூர்வதில்லை. புதுமை அதிகாரியின் பெயரிலும், உழைப்பு ‘ஆசிரியர்கள்’ என்ற பொதுச்சொல்லிலும் பதிவாகின்றன. அந்தப் பெண்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள். நினைவு மங்கும் முன் அவர்களிடம் கேட்டு எழுதுவோம்.