பாவையும் கொப்பியும்

வாவிக்கரை ஊர்களிற் கூத்துக் களரி கட்டும் இரவில் முன்வரிசையிற் பாய் விரித்து அமர்வோர் சிறுவரே. நடுச்சாமத்துக்குப் பின் அவருட் பாதிப்பேர் உறங்கிவிடுவர். அரசன் வரவு என்றதும் யாரோ தட்டி எழுப்புவர். மறுநாள் அதே சிறுவர் தென்னமட்டையை வாளாக்கி, ஓலையை முடியாக்கி, வளவுக்குள் அந்த அரசனை ஆடுவர். கலையை மனத்திற் பதிக்க இதைவிடச் சிறந்த வழியை எந்தப் பாடத்திட்டமும் இன்னும் கண்டுபிடித்ததில்லை. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கூத்து இவ்வாறுதான் தலைமுறை தாண்டியது. சிறுவர் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆடியவரையும் ஆட்டுவித்தவரையும் பற்றியே எழுதுகின்றனர். பார்த்தவரைப் பற்றியும், பார்த்ததைப் பேணி வைத்தவரைப் பற்றியும் நாம் இங்கு எழுத விரும்புகிறோம். பொம்மலாட்டத்தையும் அதன் பின் வந்த தொலைக்காட்சியையும் பொறுத்தவரை அந்த வரலாறு நம் வாவிக்கரையைத் தொட்டும் தொடாமலும் செல்கிறது.

பாவையை நூலால் ஆட்டும் கலை தமிழருக்குப் புதிதன்று. உள்ளத்தில் நாணமற்றவரின் நடமாட்டத்துக்கு உவமை தேடிய வள்ளுவர், கயிற்றின் இழுப்பால் உயிருள்ளதுபோல் ஆடும் மரப்பாவையைக் கண்டார். கேட்போர் அதனைப் பார்த்துப் பழகியிராவிட்டால் அவ்வுவமை எடுபட்டிராது. ஆயினும் வாவிக்கரையிற் செழித்தது, மனிதன் காலிற் சதங்கை கட்டி ஆடிய கூத்தே. இந்த நாட்டிற் பாவை செழித்த இடம் தென்கரை. அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ ஆகிய ஊர்களைச் சேர்ந்த கம்வாரி மரபுக் குடும்பங்கள் ‘ரூகட’ என்னும் நூற்பாவை நாடகத்தைப் பேணி வந்தன. 2018 ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

அந்தப் பாவைகள் ஆடிய கதைகளும் பாடிய பாட்டுகளும் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி, சிங்கள மக்களின் ‘நாடகம’ என்ற மேடைக் கலையிலிருந்து வந்தது. நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழித்தோன்றல். சிறப்பாகக் கத்தோலிக்கத் தமிழர் ஆடிய கூத்தின் சாயல் அதிற் பதிந்துள்ளது. அதன் தந்தையெனப் போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ அரசவைப் புலவரல்லர். உலைக்களத்தில் நின்று இரும்படித்த கொல்லர். நாடகம மேடை மங்கத் தொடங்கிய காலத்தில் எகலப்பொலவின் கதை போன்றவற்றைப் பாவைகள் ஏற்றுக்கொண்டன. மேடையிற் களைத்துப்போன ஒரு கலை மரக்கைகளிலும் மரக்கால்களிலும் புகலிடம் தேடிக்கொண்டது. இரு மொழிக்குமிடையே மதில் எழுப்ப விரும்புவோர் அம்பலாங்கொடைப் பாவையின் பாட்டை ஒருமுறை காது கொடுத்துக் கேட்பது நல்லது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் அத்துடன் நின்றுவிடவில்லை. பேராசிரியர் சரச்சந்திர அதே நாடகம மரபைக் கொண்டு 1956 இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் வழிவந்த இசையிற் சிங்கள நாடகம் புத்துயிர் பெற்றது என்பது வரலாற்றின் குறும்பு. அதனைக் கண்ட பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்தைத் தேடி மட்டக்களப்புக்கு வந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962 இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. பட்டம் பெற்ற பலர் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவந்த நாட்களில் இது சிறிய செயலன்று.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1979 ஏப்பிரலில் இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் யப்பானிய உதவியோடு ரூபவாகினி வந்தது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்னும் கலைஞர் இருந்தார்; லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படத்தைத் தொகுத்தவர். அவர் வெளிநாட்டுச் சிறுவர் சித்திரப் படங்களை எடுத்து, வெறுமனே மொழிபெயர்க்காமற் சிங்களப் பேச்சும் பாட்டும் கேலியும் கொடுத்து மறுபிறப்பெடுக்க வைத்தார். அவை பாவைகளல்ல, வரைந்த ஓவியங்களே. எனினும் ஆட்டுவிப்பவன் மறைந்து நின்று குரல் கொடுக்கும் கலை என்ற வகையில் ரூகடவின் தம்பிமார். ‘பிஸ்ஸு பூசா’ என்றால் ஐம்பதை நெருங்கும் சிங்களத் தோழர்களின் முகம் இன்றும் மலர்கிறது. பழைய பதிவுகளைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். எந்தக் குரல் யாருடையது என்று வாதாடுகின்றனர்.

வாவிக்கரைப் பிள்ளைக்கு அதே பூனை, புரியாத மொழியிற் பேசியது. படம் பார்த்துச் சிரித்தான். பாட்டை அர்த்தம் அறியாமற் பாடினான். இதற்குத் தொட்டவத்தவைக் குறை சொல்ல மாட்டோம். அவர் தம் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியதை அழகாகச் செய்தார். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு தொட்டவத்தவை அமர்த்தும் பொறுப்பு ஒலிபரப்புக் கொள்கை வகுத்தோருடையது. 1983 க்குப் பின் யுத்தமும் சேர்ந்தது. படுவான்கரையிற் பல ஊர்கள் நெடுங்காலம் மின்சாரம் காணவில்லை. வாடகைக்கு எடுத்த வீடியோ டெக், வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர், ஓர் இரவுக்குள் மூன்று சென்னைப் படங்கள்: பல ஊர்களில் வீட்டுக்குள் வந்த சினிமா இதுவே. அந்தக் கசெற்றுகளுட் பிள்ளைகளுக்கென்று எடுத்தது எது? எம்.ஜி.ஆரின் வாட்போர்தான்.

பிற நாடுகளிலும் பிள்ளைகளின் பாவைகள் தாமாகப் பிழைத்துக்கொண்டதில்லை. இங்கிலாந்தில் 1946 இல் திரைக்கு வந்த ‘மஃபின்’ என்ற கோவேறு கழுதைப் பாவை நேரடியாக ஒளிபரப்பானதால் பெரும்பாலும் காற்றோடு கலந்தது. படச்சுருளில் எடுத்து வைத்த பாவைகளே பின்னாட் கசெற்றாகவும் வட்டாகவும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. கிழக்கு ஜெர்மனியில் 1959 நவம்பரில், பிள்ளைகளை உறங்க வைக்கும் ‘மணல் மனிதன்’ பாவை தோன்றியது. நாடே மறைந்தது, அதன் தொலைக்காட்சி நிலையமும் மூடப்பட்டது. பாவையை மட்டும் பெற்றோர் விடவில்லை. எதிர்ப்புக் குரல் எழுப்பித் தக்கவைத்துக்கொண்டனர். சோசலிச ஜெர்மனியின் எச்சங்களுள் மேற்கும் விரும்பி ஏற்றவை மிகச் சில. அந்தத் தாடிக்காரப் பாவை அவற்றுள் ஒன்று.

யப்பானியக் கதை இன்னும் நெருக்கமானது. 1964 முதல் 1969 வரை என்.எச்.கே. நிலையம் ஒரு பாவைத் தொடரை ஒளிபரப்பியது. பெயர் ‘ஹ்யொக்கொரி ஹ்யோத்தான்ஜிமா’. ஆசிரியை ஒருவரும் மாணவர் சிலரும் கடலில் மிதந்து செல்லும் தீவொன்றில் அகப்பட்டுக்கொள்ளும் கதை. மொத்தம் 1,224 பகுதிகள். அக்காலத்தில் ஒளிநாடா விலையுயர்ந்த பொருளாகையால் நிலையத்தார் பழையதை அழித்து அதன்மேற் புதியதைப் பதிந்தனர். ஒரு சில பகுதிகளே எஞ்சின. 1991 இல் அத்தொடரை மீளச் செய்ய முனைந்தபோது கைகொடுத்தது எது? அன்று தொடக்கப் பள்ளியிற் படித்த ஒரு சிறுவன், தொடரைப் பார்த்துப் பார்த்து நாள்தோறும் கொப்பியில் எழுதி வைத்த குறிப்புகள். நிலையம் அழித்ததைச் சிறுவனின் கொப்பி காத்தது.

இதைப் படித்தபோது நமக்கு நம் அண்ணாவிமாரின் நினைவு வந்தது. கூத்தை நமக்குத் தந்தவையும் கொப்பிகளே. ஏட்டிலிருந்து கொப்பிக்கு, ஒரு கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பிக்கு, எழுத்துப் பிழையோடும் எண்ணெய்க் கறையோடும் வந்தவை. அவ்வாறு வந்த ‘அலங்கார ரூபன்’ என்ற தென்மோடி நாடகத்தை வித்தியானந்தன் 1962 இல் அச்சேற்றினார். அதற்கும் முன்னே, 1940 இல், தி. சதாசிவ ஐயர் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்ற நூலை வெளியிட்டார். வசந்தன் சிறுவர் கோலடித்து ஆடும் ஆட்டம். பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் ஒரு நூல் வேண்டுமென்று அந்நாளிலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அச்சேறாதவை எத்தனையோ. 1978 நவம்பரிற் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. அதன் பின் யுத்தம் ஊர்களையே இடம்பெயர்த்தது. 2004 டிசம்பரிற் கடல் வந்தது. பெட்டகத்திலிருந்த கொப்பியும் வீட்டோடு போயிற்று.

இன்று வாவிக்கரைப் பிள்ளைக்குத் தமிழிற் பேசும் சித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. 2007 இற் சென்னையிற் சுட்டி டி.வி. தொடங்கியது, இப்போது கைபேசி எல்லாவற்றையும் தருகிறது. ஆயின் அத்தமிழ் சென்னைத் தமிழ். கொப்பி அங்கே நோட்டு ஆகிறது. பிள்ளைகள் வகுப்பறையில் அவ்வாறே பேசத் தொடங்கியுள்ளனர். கண்டிக்க நமக்கு மனமில்லை, அவர்களுக்கு வேறு எதைக் கொடுத்தோம்? மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற நல்ல சிறுவர் நாடகங்கள் நம் மண்ணிற் பிறந்தும், விரும்பிய நேரத்தில் வீட்டிற் போட்டுப் பார்க்கும் பதிவாக அவை பிள்ளைகளின் கையை எட்டவில்லை. இதற்கு வேண்டியது பெரும் நிதியன்று. பள்ளி மேடையில் ஆடியதை ஒரு கைபேசியாற் பதிந்து, பெயரும் தேதியும் இட்டு, இரண்டு இடங்களிற் பிரதி வைத்தாற் போதும். பதிவு பழுதானாலும் துணை நிற்கப் பிரதியை எழுதி வைக்கலாம்.

நம் வகுப்பு மாணவர் சிலர் இவ்வாண்டு ஆளுக்கொரு கொப்பியோடு பாட்டிமாரிடம் வசந்தன் பாட்டுக் கேட்கச் சென்றனர். எழுதி வந்தவற்றுள் அச்சு நூலோடு ஒத்துவராத அடிகள் பல உள்ளன. அவற்றைத் திருத்தவேண்டாமென்று சொல்லியிருக்கிறோம்.