எழுத்துக்குச் சொந்த இல்லம்: புன்னைக்காயல் முதல் இணையம் வரை

தமிழ் அச்சு வரலாற்றைப் பேசுவோர் தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு முன்பே நம் முத்துக் கடற்கரை தனக்கென ஓர் அச்சகத்தைக் கனவு கண்டது என்பதைப் பலரும் நினைவில் கொள்வதில்லை. எழுதுபவர் தம் எழுத்தைத் தாமே வெளியிட என்ன வேண்டும்? வெளியிட்டது நிலைக்க என்ன வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் அவ்வரலாறு விடை தருகின்றது.

தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது 1554இல், போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில். அந்நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் நிற்கின்றன. மொழி நம்முடையது, எழுத்தும் எந்திரமும் இடமும் பிறருடையவை. இந்நிலையை மாற்ற முனைந்தவர், 1546இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த அண்டிரிக் அடிகளார். 1577இல் கோவாவிலும், 1578இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அதன் இறுதியில் இருவகை அச்செழுத்துகளும் காட்டப்பட்டுள்ளன. ஓலையில் எழுதும் வழக்கப்படியே அவ்வெழுத்துகளில் மெய்களுக்குப் புள்ளி இல்லை. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ அச்சாயிற்று. பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலே அது அச்சான இடம் என ஆய்வாளர் பலர் கொள்வர்.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அச்சுப் பணிக்குப் பொருள் ஈந்தவர்கள் இக்கரையின் பரதவ மக்கள். முத்துச் சலாபத்தின் உரிமை அவர்களிடம் இருந்ததில்லை. ஆட்சிகள் மாறினும் உரிமை ஆள்வோர் கையிலேயே இருந்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், பின்வந்த ஆங்கிலேயரும் அவ்வாறே நடந்தனர். மூச்சடக்கி மூழ்கியவருக்குக் கிடைத்தது ஒரு பங்கு மட்டுமே. தம் கடலின் விளைவைத் தமதெனச் சொல்ல இயலாதவர்கள், தம் மொழியின் எழுத்துக்கு ஈயம் வார்க்கப் பணம் தந்தார்கள் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் அம்முயற்சி தொடரவில்லை. 1679இல் அம்பலக்காட்டில் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதியை அச்சிடப் புதிதாக எழுத்து செதுக்க நேர்ந்தது. தரங்கம்பாடிக்கோ செருமனியின் ஆல் நகரில் வார்த்த எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. முன்னோர் செய்ததைக் காத்து வைப்பார் இன்மையால், தமிழ் அச்சு மும்முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நூல்களின் கதியும் அதுவே. ‘தம்பிரான் வணக்க’த்தை இன்று காண விழைவோர் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தை நாட வேண்டும், ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. பொருள் ஈந்த கரையில் ஒரு படியும் எஞ்சவில்லை. அயல்நாட்டு நூலகங்களில் தேடி இந்நூல்களைப் பற்றித் தமிழுலகுக்கு உணர்த்தியவர் தனிநாயகம் அடிகளார். இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பில், தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக, 1967இல் ‘அடியார் வரலாறு’ மீண்டும் தன் கரை சேர்ந்தது. ஓர் இலக்கிய அமைப்பு செய்யக்கூடிய பணிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சொந்த அச்சகம் என்னும் வேட்கை பின்னரும் ஓயவில்லை. 1835இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் தமிழர் பலர் இத்துறையில் இறங்கினர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் தம் அச்சகத்தை நிறுவினார். சமய வாதத்தில் எதிரணியினர் கையில் அச்சகம் இருக்க, தம்மிடம் ஓலை மட்டுமே இருப்பது போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரோ, 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலொன்றுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் வெளியிடத் திட்டமிட்டு, உதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். பொருள் சேரவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். புன்னைக்காயலில் கிடைத்த ஊரார் கொடை மகாகவிக்குக் கிடைக்காமற் போனது நாம் வெட்கப்பட வேண்டிய வரலாறு.

இன்று ஈயமும் தாளும் இன்றியே எழுத்தை வெளியிட இயலும். வேர்டுபிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் 2003 முதல் கிடைக்கின்றது. ஒரு பெயரைப் பதிவு செய்து, வழங்கியில் சிறிது இடம் வாடகைக்குப் பெற்று, அம்மென்பொருளை நிறுவினால் கவிஞர் ஒருவர் தமக்கெனத் தளம் அமைத்துவிடலாம். பிறர் இலவசமாகத் தரும் இடத்திலும் எழுதலாம். ஆனால் அவ்விடம் அவர்கள் விரும்பும் வரைதான். யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டிஸ் 2009இல் மூடப்பட்டபோது, அங்கே பக்கங்கள் அமைத்திருந்தோர் இடம் இழந்தனர். சொந்தத் தளத்துக்கும் காவல் வேண்டும். பதிவு செய்த பெயரைக் காலந்தவறாது புதுப்பிக்க வேண்டும். எழுதியவற்றின் படிகளை வேறிடங்களில் சேமிக்க வேண்டும். ஒருவர் மறைந்தால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் நிலைநிறுத்தியது தன்னார்வலர் பலர் தோள் கொடுத்ததால்தான்.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கக் கவிதைகள் எங்கே உள்ளன? சில குறிப்பேடுகளில் உள்ளன. சில நினைவில் மட்டும் உள்ளன. அவற்றுக்கொரு தளம் அமைப்பதை இம்மலர்க் குழுவினர் அடுத்த பணியாகக் கொள்ள வேண்டுகிறேன். பொறுப்பை மூவரிடம் ஒப்படைப்போம். படிகளை மூன்று இடங்களில் வைப்போம். நம் கவிதைகளைத் தேடிப் பிற்காலத்தார் கடல் கடந்து செல்லும் நிலை வரலாகாது.