திருகோணமலைத் தளமும் குவாய் நதிப் பாலமும்: ஒரு திரைப்படப் பண்டம் பற்றிய குறிப்பு

1957 ஒக்ரோபரில் இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. திருகோணமலையிலிருந்த பிரித்தானியக் கடற்படைத்தளம் பண்டாரநாயக்க அரசிடம் கையளிக்கப்பட்டது. இலங்கையிற் படமாக்கப்பட்ட ‘குவாய் நதிப் பாலம்’ லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முன்னதை அரசியலுக்கும் பின்னதைப் பொழுதுபோக்குக்கும் உரியதாகப் பிரித்துக் காண்பது வழக்கம். இரண்டையும் ஒருசேர நோக்குமிடத்தே ஏகாதிபத்தியத்தின் மாறிய வடிவம் புலனாகும் என்பது எமது கருத்து.

ஆங்கிலேயரான டேவிட் லீன் நெறிப்படுத்திய இப்படத்தைத் தயாரித்தவர் சாம் ஸ்பீகல். வெளியிட்டது அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம். கதை நிகழும் களம் சயாம். படப்பிடிப்பு நடந்ததோ களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலையில். உள்ளூர்த் தொழிலாளரின் உழைப்பும் யானைகளின் வலுவும் கொண்டு அங்கே மெய்யான மரப்பாலம் ஒன்று எழுப்பப்பட்டது. எவரையும் அக்கரை சேர்ப்பது அதன் நோக்கமன்று. புகைவண்டியோடு அது வெடித்துச் சிதறும் சில கணங்களைக் கமராவிற் பதிவு செய்வதற்காகவே அது கட்டப்பட்டது. பாலத்தின் பயன்மதிப்பு அழிக்கப்பட்ட இடத்திலேயே படத்தின் பரிவர்த்தனை மதிப்பு பிறந்தது. ஏழு ஒஸ்கார் விருதுகளும் உலகச் சந்தையின் பெரும் வசூலும் அதன்வழி வந்தவை. திருகோணமலையிற் கொடி இறங்கிய காலத்தில், மூலதனம் கொடியின்றியே வந்து, வேண்டியதைப் பெற்றுச் சென்றது.

ஆயின் படம் பண்டம் மட்டுமன்று. ஒரு கருத்துநிலையையும் அது சுமந்து செல்கிறது. திருகோணமலைமீது யப்பானிய விமானங்கள் குண்டுவீசியது 1942 ஏப்ரல் 9 இல். அவ்வாண்டின் நடுப்பகுதியிலே யப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலையைத் தொடங்கினர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்ரோபரில் நிறைவுற்றது. 60,000 க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 12,000 பேர் அங்கு மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகையோ அதனினும் பன்மடங்கு. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஓர் ஆங்கிலேயக் கேணலின் மானமும் பிடிவாதமுமே அங்கு வரலாறாகின்றன. படப்பிடிப்பு நிகழ்ந்த நாளில் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலும் அதே வர்க்கத்தினரான தமிழர், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இப்படத்தின் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் பொதுவுடைமையர் எனச் சந்தேகிக்கப்பட்டு ஹொலிவூட்டின் கறுப்புப்பட்டியலில் இடப்பட்டிருந்தனர். அவர்களுக்குரிய விருது மூலநாவலாசிரியர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. அத்தவறு 1984 இல் திருத்தப்பட்டது. எழுத்தாளரின் பெயர்கள் மீண்டன. தண்டவாளத்தின் கீழ் மடிந்தோரின் பெயர்கள் மீளவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அம்மௌனத்தை உடைக்க முனைந்த தமிழ் முயற்சியாகும். அதனைத் திரைப்படத்தோடு ஒப்பவைத்து ஆராய்வது தமிழியல் ஆய்வாளர் ஏற்கவேண்டிய பணியாகும்.