கொங்கு நாட்டில் ஆங்கிலப் பழமொழிகள்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் பகுதிகளைக் கொண்ட கொங்கு நாடு 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் முழுமையாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. ஆங்கிலக் கல்வி வருவதற்கு மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார் அடிஸ் 1830-ல் கோவைக்கு வந்து பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கலைக் கல்லூரியின் தொடக்கமான பள்ளி 1852-ல் ஏற்பட்டது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-ல் தம் பெயரில் இன்றும் நடக்கும் பள்ளியை நிறுவினார். இத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள் வழியாகத்தான் ஆங்கிலப் பழமொழிகள் இப்பகுதியின் பேச்சிலும் எழுத்திலும் இடம்பிடித்தன.

அவை வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் வாயிலிருந்து கேட்டுப் பழகிய சொற்களாக அவை வரவில்லை, பாடமாக வந்தன. இடப்பக்கம் ஆங்கிலப் பழமொழி, வலப்பக்கம் அதன் பொருள் அல்லது ‘இணையான’ தமிழ்ப் பழமொழி என்ற பட்டியல் பள்ளி இலக்கண நூல்களிலும் நோட்ஸ்களிலும் தேர்வுத்தாளின் ‘பொருத்துக’ வினாவிலும் நிலைத்துவிட்டது. பட்டியலில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமக்குறி இருப்பதாக மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சமக்குறி பல இடங்களில் தவறானது என்பதைக் கொங்கு நாட்டு வாழ்க்கையை வைத்தே காட்ட முடியும்.

எதிர்த்திசையில் நடந்த தொகுப்புப் பணி

ஆங்கிலப் பழமொழிகள் இங்கே வந்துகொண்டிருந்த அதே காலத்தில் தமிழ்ப் பழமொழிகளை ஐரோப்பியர் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றனர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1840-களில் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். பின்னர் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார். 1870-களில் வந்த விரிந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. அவர் 1882-ல் காலமானது கொங்கின் கிழக்கு எல்லையில் உள்ள ஏற்காட்டில்.

1894-ல் ஜான் லாசரஸ் தமிழ்ப் பழமொழி அகராதி ஒன்றை, பொருளுக்கும் பயன்பாட்டுக்கும் ஆங்கிலக் குறிப்புகளுடன் வெளியிட்டார். 1897-ல் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தந்தார். மக்களிடம் பிரசங்கம் செய்ய மக்களின் சொல் வேண்டும் என்பது இவர்களின் நோக்கம். நோக்கம் எதுவானாலும் வேலை பெரியது. ஆனால் ஒரு பழமொழியை மொழிபெயர்த்து, ஆங்கிலத்தில் ஒத்தது ஒன்றைப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் இத்தகைய நூல்களால் வலுப்பெற்றது. அயல்மொழி வாசகருக்கு அது உதவி. அதே முறையைத் தமிழ் மாணவருக்குத் திருப்பிப் போட்டபோது சிக்கல் தொடங்கியது.

வைக்கோலும் காற்றும்

நம் பள்ளிப் பட்டியல்களில் அடிக்கடி வரும் பல ஆங்கிலப் பழமொழிகளை ஜான் ஹேவுட் 1546-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே காணலாம். ‘வெயில் அடிக்கும்போதே புல்லை உலர்த்து’ என்பது அவற்றில் ஒன்று. இங்கிலாந்தில் கோடையில் புல்லை அறுத்து, வயலிலேயே பரப்பிப் புரட்டி, உலர்ந்ததும் போராக அடுக்குவார்கள். பனிக்காலத்தில் புல் வளராது. மாடும் குதிரையும் அந்த உலர்ந்த புல்லை நம்பித்தான் இருக்கும். நடுவில் மழை பெய்தால் எல்லாம் அழுகிப்போகும். வெயில் அங்கே அரிய பொருள்.

தமிழில் இதைப் பெரும்பாலும் ‘வைக்கோலைக் காயவை’ என்று பெயர்க்கிறார்கள். வைக்கோல் நெல் அடித்தபின் மிஞ்சும் தாள். அறுத்து உலர்த்திய புல் வேறு. புஞ்சை நிலம் மிகுந்த கொங்கில் மாட்டுக்குச் சேமித்த தீவனம் முதன்மையாகச் சோளத்தட்டு. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்ந்திருக்கும். மாடுகள் உள்ளே நின்று தாமே மேயும். அறுத்து உலர்த்துவதற்கு அங்கே தேவை குறைவு. வெயிலுக்கோ இங்கே பஞ்சமே கிடையாது. ‘வெயில் அடிக்கும்போதே’ என்று காங்கயத்து விவசாயியிடம் சொன்னால், எப்போது அடிக்கவில்லை என்று கேட்பார்.

பட்டியல் இதற்கு இணையாக வைப்பது ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’. இந்த இணை நல்ல இணைதான். ஆனால் நின்று பார்க்க வேண்டியது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. ஆனி, ஆடியில் அதன் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எல்லாவற்றையும் அசைக்கும். ஆனால் களத்தில் தூற்றும் வேலை பெரும்பாலும் தை, மாசி அறுவடைக்குப் பிறகு. அப்போது அந்தக் காற்று இல்லை. மாடு கட்டித் தாம்படித்து, பதரும் தூசும் கலந்த தானியத்தைக் குவித்துவைத்து, காற்று எழும்ப ஆட்கள் காத்திருப்பார்கள். எழுந்தால் பேச்சை நிறுத்திவிட்டு முறத்தைத் தூக்க வேண்டும். காற்று மிகுந்த நாடு என்று பெயர்பெற்ற ஊரிலும், தேவையான நேரத்தில் காற்று கையில் இருப்பதில்லை. பழமொழியின் கூர்மை அங்கே இருக்கிறது.

களத்துக்கு எந்திரம் வந்தபின் முறத்தால் தூற்றுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவு. ‘தூற்று’ என்றால் பழி சொல்வது என்ற பொருள் மட்டுமே தெரிந்த ஒரு மாணவர் இந்தப் பழமொழியை எப்படிப் புரிந்துகொள்வார் என்று ஆசிரியர்கள் கேட்டுப் பார்க்கலாம். இதே காற்றை வைத்து இன்று பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பழமொழி புதிதாகப் பொருந்துகிறது.

பல்லைப் பிடித்துப் பார்த்தல்

‘தானமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே’ என்பது ஆங்கிலம். கி.பி. 400-ஐ ஒட்டி வாழ்ந்த புனித ஜெரோம் லத்தீனில் எழுதியபோதே இது பழகிய சொல்லாக இருந்தது. ஆங்கிலப் பழமொழிகள் என்று நாம் படிப்பவற்றில் பல இப்படி வேறு மொழிகளிலிருந்து அவர்கள் பெற்றவை. தமிழில் ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’.

குதிரைக்கு வயது ஏற ஏற ஈறு விலகிப் பல் நீண்டு தெரியும். தேய்மானத்தின் வடிவமும் மாறும். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே இல்லை. கீழ்த்தாடையில் உள்ள எட்டு முன்பற்களில் பால்பற்கள் சோடி சோடியாக விழுந்து நிலையான பற்கள் வரும். இரண்டு பல் போட்டால் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயது. எட்டுப் பல்லும் சேர நான்கரை, ஐந்து வயது ஆகும். அதன்பின் தேய்மானத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். வெள்ளக்கோவில் அருகே கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கயம் காளையை வாங்குபவர் முதலில் திமிலையும் நடையையும் பார்ப்பார். விலை பேசும் முன் வாயைத் திறந்து பார்ப்பார். ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’ என்பது அங்கே வயதைச் சொல்லும் முறை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகளும் மாடுகளும் சேர்ந்தே வரும். ஆங்கிலப் பழமொழியும் தமிழ்ப் பழமொழியும் ஒரே திடலில் உண்மையாகும் இடம் அது.

இங்கே சமக்குறி சரியாகவே விழுகிறது. இரண்டு சமூகங்களும் விலங்கை விலைக்கு வாங்கியவை, ஏமாந்தவை, ஏமாறாமல் இருக்க ஒரே இடத்தில் கையை வைக்கக் கற்றவை. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று தேட வேண்டியதில்லை.

உருளும் கல்

‘உருளும் கல்லில் பாசி சேராது’ என்பதும் ஹேவுட்டின் நூலில் இருக்கிறது. பழைய பொருள்: இடம் மாறிக்கொண்டே இருப்பவன் எதையும் சேர்க்க மாட்டான். பாசி இங்கே செல்வம். பிற்காலத்தில் ஆங்கிலம் பேசுபவர்களிலேயே பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள்: ஓடிக்கொண்டே இருப்பவன் துருப்பிடிக்க மாட்டான். பாசி இப்போது தேக்கம். ஆங்கிலத்திலேயே இரண்டு பொருளும் வழங்குகின்றன. நம் விடைக்குறிப்பு ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் தருகிறது.

கொங்கில் பாசி என்றதும் நினைவுக்கு வருவது புழங்காத கிணற்றின் படிகள். வழுக்கும், யாரும் அதைச் சேர்க்க விரும்ப மாட்டார்கள். ஆகவே ‘உருண்டால் நல்லது’ என்று எழுதும் மாணவர் தம் ஊரை வைத்துச் சரியாகவே எழுதுகிறார். ஊர் வரலாறும் அவர் பக்கம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், நாமக்கல், சங்ககிரி லாரிகளும் இந்தியா முழுவதும் உருண்டே சொத்துச் சேர்த்தவை.

இணையாகச் சொல்லப்படும் ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ இதற்குப் பொருந்தவே இல்லை. தச்சன் அலைவதால் கெடவில்லை. தேர்ந்தெடுக்க முடியாமல் கெடுகிறான். இரண்டு வேறு குறைகளை ஒன்றாக்கியதில் தமிழ்ப் பழமொழிதான் இழக்கிறது.

தமிழாகிவிட்டவை

சில வந்து தங்கிவிட்டன. ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ ஆங்கிலச் சொற்றொடரின் நேர்பெயர்ப்பு. இன்று அதை அயல் சரக்கு என்று யாரும் நினைப்பதில்லை. நகைத்தொழில் மிகுந்த கோவையில் பொன்னை மினுக்கை வைத்து மதிப்பதில்லை, உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள் என்பதால் அது எளிதில் ஒட்டிக்கொண்டது என்று கருதலாம்.

‘ரோமாபுரி ஒரே நாளில் கட்டப்படவில்லை’ மட்டும் மொழிபெயர்ந்தும் அயலாகவே நிற்கிறது. இத்தனைக்கும் ரோமோடு நேரடித் தொடர்பு கொண்ட நிலம் இது. கோவையை அடுத்த வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிக்கற்களில் மணிகள் செய்த தொழிற்கூடங்களை அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. ரோம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே அதன் காசு நொய்யல் கரைக்கு வந்தது. இந்தப் பழமொழியைக் கோவையில் கற்பிக்கும்போது இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

திருப்பூரில் நிலை வேறு. ‘நேரத்தில் போட்ட ஒரு தையல் ஒன்பதை மிச்சமாக்கும்’ என்பதற்கு ‘முளையிலேயே கிள்ளு’ என்பதை இணையாக்குகிறார்கள். இது காட்டு வேலையிலிருந்து வந்தது. பின்னலாடைத் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது வரிசையாக இறங்கிக்கொண்டே போகும் என்பது பனியன் கம்பெனியில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். அவர்களுக்கு ஆங்கிலப் பழமொழியே நெருக்கம்.

கிணறும் உப்பும்

‘கிணறு வற்றும்வரை தண்ணீரின் அருமை தெரியாது’ என்ற கருத்தை தாமஸ் ஃபுல்லர் 1732-ல் தம் பழமொழித் தொகுப்பில் சேர்த்தார். தமிழில் இணையாகச் சொல்வது ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’. மற்றொன்று, ‘உப்பில்லாவிட்டால் தெரியும் உப்பின் அருமை, அப்பன் இல்லாவிட்டால் தெரியும் அப்பன் அருமை’. கடற்கரையே இல்லாத கொங்குக்கு உப்பு வெகுதொலைவிலிருந்து வர வேண்டிய பொருள். இந்தச் சொல் இங்கே வெறும் எதுகையாக இருந்திருக்காது.

வியப்பு என்னவென்றால், பாறையை உடைத்துக் கிணறு தோண்டி வாழ்ந்த இந்நாட்டில், தண்ணீரின் அருமைக்குப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது மழை மிகுந்த இங்கிலாந்தின் கிணற்றை. இங்கே கிணற்றைச் சுற்றி இருந்த சொற்கள் வேறு: கவலை ஏற்றம், சால், வடக்கயிறு, வால்கயிறு. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து, மோட்டார் பரவியபின் கவலை ஓட்டுவது மெல்ல நின்றது, சொற்களும் நின்றன. பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000-ல் வந்தபோது வட்டாரச் சொற்களில் பலவும் முதியவர்களிடம் கேட்டறிய வேண்டியவையாகிவிட்டன. மோட்டாருக்குப் பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. கோவை மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கியும் வெறும் புகையாக மண் பறக்கும் இடங்கள் உண்டு. ரிக் வண்டியைச் சுற்றி நின்று அதைப் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிணறு வற்றுவது பற்றிய பழமொழியின் பொருளைப் ‘பொருத்துக’ பகுதியில் தேட வேண்டியிருக்காது.