தோலும் நரம்பும்: சிம்பொனி பற்றி ஒட்டன்சத்திரத்திலிருந்து



2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. மறுநாள் எங்கள் காய்கறி மார்க்கெட் டீக்கடைகளில் முருங்கை விலையை விட்டுவிட்டு அதைத்தான் பேசினார்கள். பெருமைதான். பழனி மலைக்கு வடக்கே நாங்கள். மலைக்குத் தெற்கே தேனியையும் தாண்டிப் போனால் அவர் பிறந்த பண்ணைப்புரம். அந்த வாரப் படிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "சிம்பொனி நமக்கு எதுக்குத் தோழர்? வெள்ளைக்காரத் துரைமார் பாட்டுதானே அது? நமக்குப் பறை போதாதா?"

அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறோம்.

முதலில் அது துரைமார் பாட்டா என்று பார்ப்போம். சிம்பொனியின் தந்தை என்று சொல்லப்படும் ஜோசப் ஹைடன் 1732இல் ஆஸ்திரியக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். அம்மா பண்ணையார் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1761இல் எஸ்டர்ஹாசி என்ற பெரும் பிரபு வீட்டில் ஹைடன் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஒப்பந்தத்தைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். வெள்ளைக் காலுறையும் சீருடையும் அணிய வேண்டும். தினமும் முற்பகலிலும் பிற்பகலிலும் அரண்மனை முன்னறையில் நின்று, இன்று இசை வேண்டுமா என்று உத்தரவு கேட்க வேண்டும். எழுதும் இசை எல்லாம் பிரபுவுக்கே சொந்தம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனை 1779இல் போட்ட புது ஒப்பந்தத்தில்தான் விலகியது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இன்று இளையராஜா நீதிமன்றம் போவதைக் கேலி செய்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

1772இல் ஒரு சம்பவம். பிரபு தன் கோடை அரண்மனையை விட்டுக் கிளம்பவே இல்லை. இசைக்கலைஞர்களின் மனைவி மக்கள் எல்லாம் தூரத்து ஊரில். லீவு கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ஹைடன் மனு எழுதவில்லை, 45ஆம் சிம்பொனியை எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு கலைஞராக வாசிப்பை நிறுத்தி, தன் முன்னாலிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போவார். கடைசியில் இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலத்தில் நடந்த வேலைநிறுத்தம் என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

அரண்மனைக்குள் இருந்த இசை பிறகு நகரத்துக்கு வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் துணி வியாபாரிகளின் மண்டபத்திலேயே 1781இல் கச்சேரி அரங்கு அமைத்தார்கள். டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம். ஆனால் மேடையில் உட்காரும் நாற்காலி அவ்வளவு எளிதில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1997இல்தான். அமெரிக்காவில் ஒரு பெரிய இசைக்குழு கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியை முதன்முதலாக வாசித்தது 1933இல். சிகாகோவில், ஃபுளோரன்ஸ் பிரைஸ் எழுதியது.

இப்போது பறைக்கு வருவோம். அந்த இசைக்குழுவின் பின்வரிசையில் செம்புக் கொப்பரை போல டிம்பனி என்ற முரசுகள் இருக்கும். அதன் முகம் கன்றுத்தோல். பிளாஸ்டிக் வந்தது போன நூற்றாண்டில். வயலினின் நரம்பு நெடுங்காலம் ஆட்டுக்குடல். ஆக, தோலும் குடலும் இல்லாமல் பீத்தோவனும் இல்லை. அங்கே டிம்பனி அடித்தவருக்கு அரசவை மரியாதை. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தேசங்களில் அவர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. மற்றவர்கள் அடிக்கத் தடை. இங்கே தோலைத் தொட்டவர் ஊருக்கு வெளியே. எழவுக்கு அடிக்க ஆள் வேண்டும், அடித்தவர் வீட்டுத் தண்ணீர் வேண்டாம். தோலில் தீட்டு எதுவும் கிடையாது, தோழர்களே.

மிருதங்கத்துக்கும் இதே கதைதான். தஞ்சாவூரின் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாட்டுத்தோல் தேர்ந்து பதமாக்கிக் கட்டிய மிருதங்கம்தான் சபா மேடைகளில் ஒலித்தது. செய்தவர் பெயர் எந்த அழைப்பிதழிலும் இல்லை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் இடம் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தது.

இளையராஜாவுக்கு எந்தக் கன்சர்வேட்டரியும் கதவு திறக்கவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர், 1968இல் சென்னை வந்தார். தன்ராஜ் மாஸ்டரின் மயிலாப்பூர் அறையில்தான் மேற்கத்திய இசைக்குறிப்பைப் படித்தார். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள்தான் அன்றைக்குச் சென்னையின் சிம்பொனி அரங்கம் என்பது எங்கள் கருத்து. பகலில் டூயட்டுக்கு வயலின் வாசித்தவர்களை வைத்தே 1976 முதல் அவர் தன் இசைக்குழுவைக் கட்டினார். 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்த சிம்பொனி வெளிவரவே இல்லை. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு திருவாசகம். 2025இல் வேலியன்ட். 1993லிருந்து எண்ணினாலே 32 ஆண்டுகள். தன்னைச் சாதி சொல்லி அழைப்பதை அவர் விரும்பியதில்லை, அதை மதிக்கிறோம். அவரது அரசியலோடு எங்களுக்கு முரண்பாடும் உண்டு. ஆனால் அந்த 32 ஆண்டை யாரும் அவருக்கு இனாமாகக் கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நான்கு பேர் சென்னையில் ஓர் அரங்குக்கு மேற்கத்திய இசை கேட்கப் போனோம். இரவு பஸ்ஸில் கசங்கிய சட்டை. வாசலில் நின்றவர் டிக்கெட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். உள்ளே முதலில் ஓபோ என்ற குழல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தது. எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்தார்கள். மைக் கிடையாது. சினிமாப் பாட்டை ஸ்பீக்கரில் மட்டுமே கேட்ட காதுக்கு, இருபது வில்கள் ஒன்றாக இறங்கும் சத்தம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. டிம்பனி உருண்டபோது எங்களில் ஒருவருக்குத் தன் தாத்தாவின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. முதல் பகுதி முடிந்ததும் கை தட்டிவிட்டோம். முன்வரிசை திரும்பி முறைத்தது. நான்கு பகுதியும் முடிந்துதான் தட்ட வேண்டுமாம். கூனிக் குறுகி உட்கார்ந்தோம். மொசார்ட் காலத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கை தட்டினார்கள், அவரும் அதில் மகிழ்ந்தார் என்பதைப் பிறகுதான் படித்தோம். மௌனம் காக்கும் வழக்கமெல்லாம் அதற்குப் பின்னால் வந்த ஏற்பாடு. ஆகவே, தம்பி, நீங்கள் போகும்போது பயப்படாதீர்கள்.

பறை போதாதா என்ற கேள்விக்கு வருகிறோம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் கிட்டாரும் பறையும் ஒன்றாகத்தான் நின்றன. பறைக்கு அது குறைச்சலாக இல்லை. எங்கள் வட்டத்தில் இப்போது இரண்டு பறையோடு ஒரு பழைய வயலினும் இருக்கிறது, திண்டுக்கல்லில் வாங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி அதை விடுவதில்லை. இரண்டாவது நரம்பு அறுந்து கிடக்கிறது, திண்டுக்கல் போகிறவர்கள் சொல்லுங்கள். வரும் ஞாயிறு ஹைடனின் 45ஐக் கேட்கப் போகிறோம். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொண்டு வாருங்கள்.